மோட்டாரை யார் கையில் கொடுப்பது: ராஸ்பெர்ரி பையா, ஈஎஸ்பி32ஆ, ஆர்டுவினோவா?

கீழே சம்ப், மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி, நடுவில் 1 ஹெச்பி மோட்டார். இதைத் தானாக ஓட வைக்கணும், தண்ணீர் அளவு போனில் தெரியணும், சம்ப் காலியானால் மோட்டார் நின்றுவிடணும், இதற்கு எந்த போர்டு (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பலகை) வாங்கலாம் என்று எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றையும் என் வீட்டில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விலை, வேகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதை யோசியுங்கள்: ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் வருகிறது, ரூட்டர் இன்னும் எழவில்லை, வீட்டில் எல்லோரும் தூக்கம். அந்த நேரத்தில் மோட்டார் என்ன நிலையில் இருக்கும்? நான் மூன்றையும் ஒப்பிட்டது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

ராஸ்பெர்ரி பையில் இருந்துதான் நான் தொடங்கினேன், பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2012இல் வந்தது, லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் பார்த்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டுவிட்டால் வரைபடம், எச்சரிக்கை, போன் செயலி எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்துவிடும். ஒரு மாதம் தண்ணீர் எப்படிச் செலவானது என்று பார்க்க இதைவிட வசதி இல்லை. ஆனால் ரிலேயை (சின்ன சிக்னலால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) நேராக அதன் பின்னில் (போர்டில் ஒயர் மாட்டும் முனை) மாட்டியதுதான் நான் செய்த தவறு. ஒரு நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் நிரல் உறைந்துபோனது. நிரல் நின்றால் பின் தானாக அணையாது, கடைசியாக எந்த நிலையில் விட்டோமோ அப்படியே இருக்கும். விடியும்வரை தண்ணீர் மாடியில் வழிந்து படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு கரண்ட் கட்டில் எஸ்டி கார்டு கெட்டுப்போய் பை எழவே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் எந்த கார்டுக்கும் இது நடக்கலாம். இன்னொரு குறை, பையில் அனலாக் உள்ளீடு (கூடிக் குறையும் மின்னழுத்தத்தைப் படிக்கும் வசதி) கிடையாது, அழுத்த சென்சார் மாதிரி எதையாவது மாட்ட ஏடிஎஸ்1115 போன்ற சின்ன போர்டு தனியாக வேண்டும்.

ஈஎஸ்பி32 வேறு ரகம். 2016இல் வந்த சிப், வைஃபை உள்ளேயே இருக்கிறது, கார்டு இல்லை, இயங்குதளம் பூட் ஆகும் காத்திருப்பு இல்லை, கரண்ட் வந்த ஓரிரு நொடியில் வேலையைத் தொடங்கிவிடும். இந்தச் சிப்புக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளைப் போட்டால் நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூட நாற்பது ஐம்பது வரி அமைப்புக் கோப்பில் முடித்துவிடலாம், அதற்கு மேல் மாற்றங்களை வைஃபை வழியாகவே அனுப்பலாம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போக வேண்டாம். தொட்டி 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓடு, 95 வந்தால் நில், சம்ப் காலியென்றால் தொடாதே என்ற முடிவுகள் மூன்றும் அந்தச் சிப்புக்குள்ளேயே இருப்பதால் ரூட்டர் செத்தாலும் வேலை நடக்கும்.

சரி, இதிலும் கண்ணி உண்டு. பின்களைப் பார்த்து எடுக்கணும். வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியில் (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ள பின்கள் அனலாக் அளவைப் படிக்காது, 32 முதல் 39 வரை உள்ளவற்றைப் பயன்படுத்துங்கள். 12ஆம் பின்னில் ரிலே போர்டு மாட்டி, அது பூட் நேரத்தில் அந்தப் பின்னை மேலே இழுத்துவிட்டால் சிப் எழாமலே போகலாம். கடையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பல, சிக்னல் கீழே போனால்தான் மூடும் வகை. அமைப்பில் அதைத் தலைகீழாகக் குறிக்க மறந்தால் கரண்ட் வந்ததும் டிக் என்று ஒரு சத்தம், மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். எழும்போது எப்போதும் அணைந்த நிலையில் எழு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

என்னை ஒரு வாரம் அலையவிட்டது இன்னொன்று. பையைச் சரிசெய்யக் கழற்றி வைத்திருந்தேன், மோட்டார் பாதித் தொட்டியிலேயே நின்று நின்று ஓடியது. ஒயர், ரிலே, சென்சார் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பார்த்தால், ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் வராவிட்டால் ஈஎஸ்பிஹோம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், அதுதான் அதன் இயல்பு அமைப்பு. வைஃபை இல்லாவிட்டாலும் அதே 15 நிமிடம். இரண்டு இடத்திலும் அந்தக் காலக்கெடுவைப் பூஜ்யமாக்கினேன், தீர்ந்தது. மோட்டார் மாட்டுகிற யாரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

ஆர்டுவினோ ஊனோ ஆர்3 போர்டோடு டபிள்யூ5500 ஈதர்நெட் ஷீல்டு (மேலே செருகும் நெட்வொர்க் கேபிள் பலகை) போடுவது பழைய வழி என்று ஒதுக்காதீர்கள். 2 கிலோபைட் நினைவகம்தான், குறியாக்கத்தோடு இணையச் சேவைகளிடம் பேசுகிற தெம்பெல்லாம் அதற்கு இல்லை. ஆனால் மோட்டார் அறை வீட்டுக்குப் பின்னால் தள்ளி, கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக வைஃபை எட்டாத இடத்தில் இருந்தால் ஒரு கேபிள் (100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்) எல்லாத் தலைவலியையும் தீர்த்துவிடும். 5 வோல்ட்டில் ஓடுவதால் ஹெச்சி-எஸ்ஆர்04 மாதிரி, எதிரொலியை வைத்துத் தண்ணீர் மட்டம் அளக்கும் சென்சார்களை நேராக மாட்டலாம், மற்ற இரண்டிலும் எக்கோ ஒயருக்கு மின்தடை போட்டு 3.3 வோல்ட்டுக்கு இறக்கணும். இரண்டு போர்டு வைப்பவர்கள் உதாரண நிரலில் இருக்கும் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) அப்படியே விட்டுவிடாதீர்கள், ஒரே முகவரியில் இரண்டும் மோதிக்கொண்டு மாறி மாறிக் காணாமல் போகும். நிரலை மாற்ற ஒவ்வொரு தடவையும் யுஎஸ்பி ஒயரோடு போய் நிற்க வேண்டியிருப்பதுதான் எனக்கு இதில் அலுப்பு.

பெரிய அடுக்குமாடிக்கோ தொழிற்கூடத்துக்கோ என்றால் பிஎல்சி (தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். 24 வோல்ட்டில் ஓடும், மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும், வந்து பார்க்க ஆள் கிடைக்கும். ஒரு வீட்டுத் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இப்போது என் வீட்டில் இருப்பது கலவைதான். மோட்டார் பக்கத்தில் ஈஎஸ்பி32, முடிவெல்லாம் அதனிடம். பை வீட்டுக்குள் இன்வெர்ட்டர் லைனில், எஸ்எஸ்டியில் ஓடுகிறது, பதிவு செய்வதும் போனுக்குச் சொல்வதும் மட்டும் அதன் வேலை. இரண்டும் செய்தி பரிமாறிக்கொள்ள நடுவில் எம்க்யூடிடி என்ற தொடர்பு முறை. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது அது, தொடர்பு அறுந்து அறுந்து வரும் என்று தெரிந்தே செய்தது. அதில் 'கடைசி உயில்' என்று ஒரு வசதி: கருவி சொல்லாமல் போய்விட்டால், அது முன்பே கொடுத்து வைத்த செய்தியைச் சர்வர் எல்லோருக்கும் அறிவித்துவிடும். இது இல்லாவிட்டால் திரையில் 62 சதவீதம் என்று மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்து, தண்ணீர் செலவாகவில்லை போல என்று இருந்துவிடுவோம். அப்புறம், மோட்டாரைப் போடு என்ற கட்டளையை மட்டும் 'ரீடெயின்' செய்யாதீர்கள். சர்வர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, கருவி திரும்ப இணைந்ததும் நேற்றைய கட்டளையை இன்று கொடுக்கும்.

எந்த போர்டாக இருந்தாலும் மோட்டாரை அந்தச் சின்ன நீல ரிலேயில் நேராக மாட்ட வேண்டாம். மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், மோட்டார் கிளம்பும் நொடியில் அதன் ஓட்ட மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு இழுக்கும், முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்த நிரலாலும் அணைக்க முடியாது. மோட்டாரை கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய மின்காந்த சுவிட்ச்) வழியாக மாட்டி, ரிலே அதன் காயிலை (அதை மூட வைக்கும் கம்பிச்சுருள்) மட்டும் இயக்கட்டும். அந்தக் காயில் ஒயரிலேயே, தொட்டியின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே ஒரு ஃப்ளோட் சுவிட்சைத் தொடராகப் போடச் சொல்லுங்கள், எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. சென்சார் பொய் சொன்னாலும், சிப் உறைந்தாலும், தண்ணீர் அந்த மிதவையைத் தூக்கியதும் காயிலுக்குக் கரண்ட் போகாது.