இரணைமடுக் குளக்கட்டில் ஓடும்போது மனதுக்குள் எதைச் சொல்வது?

கால் சோரத் தொடங்கியதும் மனம் வாயைத் திறந்துவிடும். "போதும், நில்" என்பதுதான் அதன் முதற்பேச்சு. அதை அடக்கி வெல்வது கடினம்; வேறொன்றைப் பேசவைப்பது எளிது. எதைப் பேசவைப்பது?

இந்த மனப்பேச்சில் இரண்டு வகை. ஊக்கப் பேச்சு ஒன்று: "விடாத, இன்னும் கொஞ்சம்." அறிவுறுத்தல் பேச்சு மற்றது: "தோளைத் தளர்த்து, மூச்சை முழுசா விடு." கரப்பந்தாட்டத்தில் சேர்விஸ் போடும்போதும் ஜிம்மில் பாரம் தூக்கும்போதும் எனக்கு இரண்டாவதுதான். நுணுக்கமான அசைவுகளுக்கு அறிவுறுத்தல் பேச்சு கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பதை, 32 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான அலசலும் சொல்கிறது.

நெடுநேரம் தாக்குப்பிடிப்பது வேறு கதை. அங்கே ஊக்கப் பேச்சு முந்துகிறது. 2014இல் வெளியான ஆய்வொன்றில் 24 பேர் களைத்து விழும்வரை சைக்கிள் மிதித்தார்கள். இரண்டு வாரம் மனப்பேச்சுப் பழகியவர்கள் முன்னரைவிட 18 வீதம் அதிக நேரம் மிதித்தார்கள். அதே மிதிப்பு அவர்களுக்குக் கொஞ்சம் இலேசாகவும் தெரிந்தது. வன்னி வெயிலுக்கு இன்னும் பொருத்தமான ஆய்வு 2017இல் வந்தது. 35 பாகை வெப்பத்தில் மிதித்தவர்கள், மனப்பேச்சுப் பழகியபின் சுமார் 8 நிமிடத்திலிருந்து 11 நிமிடத்துக்குப் போனார்கள். ஆடி மாதம் சோளகம் அடிக்கையில் நிழலில்லாத குளக்கட்டில் ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்த 3 நிமிடத்தின் அருமை விளங்கும்.

அடுத்தது, "நான்" என்பதா "நீ" என்பதா? "என்னால ஏலும்" என்பதைவிட "உன்னால ஏலும்" என்பதே என் தெரிவு. 16 ஆண்கள் 10 கிலோமீற்றர் சைக்கிளோடிய 2019ஆம் ஆண்டு ஆய்வில், "நீ" என்று பேசியபோது நேரம் ஏறக்குறைய 2 வீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு வியப்பில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கயிற்றுக்கு வெளியே நின்று "ஓடடா, விடாத!" என்று கத்தும் அண்ணன்மாரின் குரலுக்குக் கால்கள் எப்படி எழும்பும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "நீ" என்றதும் அந்தக் குரலே உள்ளே வந்துவிடுகிறது.

மூன்றாவது வழி எங்களிடம் பழையது. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமம் போகிற பாதயாத்திரைக்காரர் "அரோகரா" சொல்லியபடி நடப்பார்கள். ஒரே சொல், ஒரே தாளம்; கவனம் காலின் நோவை விட்டு விலகும். ஏ9 வீதியோரம் நீண்ட நடைக்கு இதைவிட நல்லதை நான் காணவில்லை. வேகத்தை அடிக்கடி மாற்றி ஓடுகிற பயிற்சிக்குச் சரிவராது. அங்கே உடம்பைக் கவனித்தே ஆகவேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பில்லை. களைப்பை மறைக்கிற பேச்சு ஆபத்தையும் மறைக்கும். தலை சுற்றினால், குமட்டினால், வெயிலில் உடம்பு குளிர்ந்து புல்லரித்தால் "விடாத" என்ற சொல்லுக்கு இடமில்லை. நிழல், தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள்.

பிள்ளைகளைப் பழக்குபவர்கள் வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். 2014 ஆய்வில் அவரவர் வசனத்தை அவரவரே தெரிந்தெடுத்தார்கள். தொடக்கத்துக்கு ஒன்று, மூச்சு வாங்கும் கடைசிப் பகுதிக்கு ஒன்று என்று பிள்ளையே தேடட்டும். அதை முதலில் இலேசான ஓட்டங்களில் சொல்லிப் பழகட்டும்.