குவாட் ப்ரீஆம்பும் கிருஷ்ணகிரி மைக்செட் கடையும்

சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த குவாட் 405 பவர் ஆம்ப் (குவாட் என்பது இங்கிலாந்து ஆடியோ கம்பெனி; பவர் ஆம்ப் ஸ்பீக்கரை ஓட்டுவது), தர்மபுரி வீட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது. ஜோடியாக, பாட்டைத் தேர்ந்தெடுத்து வால்யூம் கூட்டிக் குறைக்க ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். நான் இருப்பது இங்கிலாந்தில்; அங்கேயே வாங்கி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விமானத்தில் போட்டால் எந்த நிலையில் இறங்குமோ என்ற பயம்தான். இந்த விடுமுறையில் விசாரித்தபோது, கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் ஒரு பெரியவர் மூன்று குவாட் ப்ரீஆம்ப் விற்கிறார் என்று தெரிந்தது. லண்டன் பக்கமிருந்து வந்து லண்டன்பேட்டையில் இங்கிலீஷ் செட் வாங்குகிறாயா என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

மூன்றில் மூத்தது குவாட் 33. 1967-இல் 303 பவர் ஆம்போடு சேர்ந்து வந்த மாடல். ஆரஞ்சுப் பட்டன்களோடு பார்க்கவே ஆசையாக இருக்கும். மற்ற இரண்டும் 1979-இல் அறிமுகமான 44 என்ற மாடல். அதில் ஒன்று ஆரம்பகாலத்தது, பின்பக்கம் டின் (DIN) சாக்கெட், அதாவது பல பின்கள் செருகும் பழைய வட்ட வகை. இன்னொன்று பிந்தையது, டிவிடி பிளேயர் வயர் செருகுகிற சாதாரண ஆர்சிஏ சாக்கெட். விலை கேட்பதற்கு முன் செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பெரியவர் நல்ல மனுஷர். "எங்க வேணா காட்டிட்டு வாங்க தம்பி, அப்புறம் பேசிக்கலாம்" என்று மூன்றையும் கையில் கொடுத்துவிட்டார். ஆட்டோவில் ரவுண்டானா பக்கம் ஒரு மைக்செட் கடைக்குப் போனேன். கோயில் திருவிழா ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே கடைக்கார அண்ணன் இடம் ஒதுக்கினார். எதையும் நேராக பிளக்கில் செருகவில்லை. முதலில் சீரிஸ் பல்பு போர்டு, அதாவது கரண்ட் ஒரு பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும். ப்ரீஆம்ப் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், அதனால் நல்ல செட்டென்றால் பல்பு சிவக்கக்கூட சிவக்காது. மூன்றுமே அதில் தேறின.

33-இன் பின்னால் ஒரு சின்ன போர்டு உண்டு. அதைப் பிடுங்கி வேறு பக்கமாகத் திருப்பிச் செருகினால், டர்ன்டேபிளின் ஊசி பொருந்திய காட்ரிட்ஜுக்கு ஏற்ப இன்புட் மாறும். அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அதன் ரேடியோ இன்புட்டுக்கு 100 மில்லிவோல்ட் போதும். அதில் செருகும் சிடி பிளேயர் கொடுப்பதோ 2 வோல்ட். குமிழைக் கொஞ்சம் திருப்புவதற்குள் வீடு அதிரும். வால்யூம் அவ்வளவு கீழே இருக்கும்போது பழைய கன்ட்ரோலில் இடது வலது சமமாகவும் வராது. நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம்தான். ரெக்கார்டு மட்டும் கேட்பவராக இருந்தால் நான் 33-ஐத்தான் தூக்கியிருப்பேன்.

44-இல் ட்ரெபிளுக்குத் தனிக் குமிழ் கிடையாது. டில்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தராசு மாதிரி, ட்ரெபிள் பக்கம் இறங்கினால் பாஸ் பக்கம் ஏறும். கீச்சென்று ஒலிக்கும் பழைய தமிழ் எல்பிகளுக்கு ஒரு படி சாய்த்தால் போதும், பாட்டு கெடாமல் காது குளிரும். இன்புட்டுகளும் தனித்தனி கார்டுகள். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம்.

டின் சாக்கெட் 44-இல் இடது பக்கம் திடீரென்று நின்றது. அண்ணன் திருப்புளிப் பிடியால் கார்டை லேசாகத் தட்ட, சத்தம் திரும்பி வந்தது. "ட்ரை சால்டருங்க சார், பற்றவைச்ச இடம் விட்டுப்போச்சு. பத்து நிமிஷ வேலை" என்றார். இதைச் சொன்னதும் பெரியவர் விலையைக் குறைக்கவும் தயார். இருந்தும் ஆர்சிஏ வைத்ததையே எடுத்தேன். நான் இங்கிலாந்து திரும்பிப் போனபின் ஒரு வயர் போனால், தம்பி மகன் பக்கத்துக் கடையில் வாங்கிச் செருகிக்கொள்வான். டின் வயருக்கு ஆளைத் தேடி அலைய வேண்டும். கேட்கிற சுகத்தில் இரண்டு 44-க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றச் சொன்னேன். பெங்களூரு எஸ்பி ரோட்டிலிருந்து 105 டிகிரி சூடு தாங்கும் சரக்கு வரவழைத்தார். 405-க்குப் போகும் வயருக்கு நாலு பின் டின் பிளக்கையும் தானே பற்றவைத்துக் கொடுத்தார். கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களை ஒரு கவரில் போட்டுக் கையில் தந்தது எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் பெட்டியைத் திறந்து பார்க்கவே தனிக் கட்டணம் கேட்ட கடைகளை நினைத்தால் இவர் வாங்கிய கூலி ஒன்றுமே இல்லை.

தர்மபுரிக்கு அனுப்பத்தான் தகராறு. ஒரு கூரியர் அலுவலகத்தில் "எலக்ட்ரானிக்ஸ், உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்று எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தராசில் தொப்பென்று போட்டார்கள். திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். என்எச் 44-இல் குவாட் 44 மடியில் உட்கார்ந்து வந்தது.

அந்த அண்ணனிடம் போகிறவர்கள் முதலில் போன் செய்துவிடுங்கள். திருவிழா சீசனில் ஆளோடு செட்டும் வெளியூர் போய்விடும், கடை பூட்டிக் கிடக்கும்.