நீளும் ஆட்ட இரவிலிருந்து விடைபெற எது நல்ல வழி?

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுவதே கண்விழிக்கத்தான். அங்கே ஆட்டம் நீள நீள நல்லது. நண்பர் வீட்டில் சனிக்கிழமை இரவு கூடிப் பலகை ஆட்டங்கள் ஆடுவது அப்படியல்ல. சென்னையில் இரவு 11 மணி வாக்கில் கடைசி மெட்ரோ புறப்பட்டுவிடும். வீட்டில் கைக்குழந்தையோடு ஒருவர் காத்திருக்கலாம். எழுந்துதான் ஆக வேண்டும். அதற்கு வழிகள் பல இருந்தாலும் எல்லாம் ஒரே தரமல்ல.

எளிதில் வாயில் வருவது பொய்ச் சாக்கு. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் காலை அதே நண்பர் போன் செய்து, "அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்பார். அந்த அக்கறையை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

வேண்டுமென்றே தோற்பது நாகரிகமாகத் தோன்றும். என் கணக்கில் பொய்யைவிட மோசமான வழி இதுதான். 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்த கட்டான் என்ற பலகை ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ட அட்டைகளைச் சேர்த்தும் மாற்றிக்கொண்டும் சாலைகளையும் ஊர்களையும் கட்டும் ஆட்டம் அது. 10 புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெல்வார். நடுவில் யாரும் ஆட்டமிழப்பதில்லை. ஆகவே தோற்று வெளியேற வழியில்லை, இன்னொருவரை விரைவில் ஜெயிக்கவைக்கத்தான் முடியும். ஒரே ஒரு கம்பளி அட்டைக்குத் தன் கையிலுள்ள செங்கல், மர அட்டைகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டால், அவருடைய சாலை நீளும். மிக நீண்ட சாலைக்கான 2 புள்ளிகளும் அவருக்கே சேரும். எதிரே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அட்டை அட்டையாகச் சேர்த்து ஊர்களைக் கட்டியவரின் உழைப்பு ஒரு நொடியில் வீண். வென்றவருக்கும் அந்த வெற்றி ருசிக்காது.

இடத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பது எவ்வளவோ மேல், ஆனால் ஆட்டத்தைப் பொறுத்தது. பாண்டெமிக் என்ற ஆட்டத்தில் எல்லோரும் ஒரே அணியாக நோய்களை எதிர்த்து ஆடுவதால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், மற்றவர்களே வழிகாட்டுவார்கள். மோனோபொலியில் மாற்று ஆள் இல்லாவிட்டாலும் குறையில்லை. வங்கியிடம் திவாலானவரின் மனைகளை ஏலம் விட விதி உண்டு. விலகுபவருக்கும் அதையே பின்பற்றலாம். கட்டானில் ஆள் மாறாமல் எழுந்து போனால்தான் சிக்கல். பண்டமாற்றுக்கு ஒருவர் குறைகிறார், அவருடைய சாலைகளோ வழியை மறித்தபடி பலகையிலேயே கிடக்கும். கேரமில் இந்தக் கவலையே வேண்டாம், ஒரு போர்டு முடிந்ததும் எழுந்துகொள்ளலாம். இரட்டையர் ஆட்டமென்றால் மட்டும் துணை ஆட்டக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, பெட்டியைத் திறக்கும் முன்பே நேரத்தைச் சொல்லிவிடுவது. "அண்ணா, நான் பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் முடிகிற ஆட்டமாக எடுக்கலாமா?" என்று கேட்டால் எந்த வீட்டுக்காரரும் முகம் சுளிக்கமாட்டார். கட்டானுக்குப் பதில் சீக்கிரம் முடியும் ரயில் பாதை ஆட்டமான டிக்கெட் டு ரைடை எடுப்பார், அல்லது ஒருவர் இல்லாமலும் தொடரக்கூடிய ஒன்றை. இதிலும் ஒரு பலவீனம் உண்டு. புதியவர்களுக்கு விதிகளை விளக்குவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். ஆட்டம் சூடுபிடித்தபின் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் பத்து மணிக்கு இன்னொரு முறை நினைவூட்டுவது அவசியம். அது முரட்டுத்தனம் ஆகாது. கடைசிச் சுற்றுகளைத் திட்டமிட மற்றவர்களுக்கு அது அவகாசம் தருகிறது.

பலரும் படிக்காமல் விடும் மோனோபொலி விதித்தாளில் இதற்கென்றே நேர வரம்பு ஆட்டம் ஒன்று இருக்கிறது. முடிவு நேரத்தை முன்பே பேசிவைத்து, ஆளுக்கு 2 மனைப் பத்திரங்களைக் கொடுத்து, அதற்கான விலையை வாங்கிக்கொண்டு தொடங்க வேண்டும். நேரம் வந்ததும் யாரிடம் சொத்து அதிகமோ அவரே வென்றவர். இந்த ஏற்பாட்டைக் கட்டானுக்கும் தாராளமாகக் கொண்டுவரலாம். பத்தரைக்கு யாருக்கு அதிகப் புள்ளியோ அவருக்கே வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் சுற்றை முடித்துவிட்டே புள்ளிகளை எண்ண வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் உட்கார்ந்தவருக்கு ஒரு முறை குறைந்துவிடும்.