பகல் நித்திரைக்கு பிளாக்அவுட் துணி: தாதியர் எதை வாங்கலாம்?

இரவுக் கடமை காலை 7 மணிக்கு முடிந்து, பஸ் பிடித்துத் தெமட்டகொடைக்கோ வெள்ளவத்தைக்கோ வந்துசேர்வதற்குள் கொழும்பில் வெயில் ஏறிவிடும். கண்ணை மூடினாலும் வெளிச்சம் இமையைத் தாண்டி உள்ளே போகும். மூளை அதைப் பகல் என்றே எடுத்துக்கொள்வதால் நித்திரையைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு அடங்கும். 12 மணித்தியாலம் நின்று களைத்த உடம்பும் மதியத்துக்கு முன்னரே விழித்துக்கொள்ள இது பெரிய காரணம். ஆகவே, புறக்கோட்டைத் துணிக்கடைகளில் மீற்றர் கணக்கில் விற்கும், வெளிச்சத்தை மறைக்கும் பிளாக்அவுட் திரைத்துணி தாதியருக்கு வீண்செலவு இல்லை. ஆனால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் ஒரே துணி அல்ல.

வெறும் தடித்த பொலியெஸ்டரையும் பிளாக்அவுட் என்பார்கள். நிறம் கடுமையாக இருப்பதால் கடைக்குள் ஏமாற்றும்; அது வேண்டாம். நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்த துணி வெளிச்சத்தில் பெரும்பகுதியை மறைக்கும், மடிப்பு அழகாக விழும், கழுவுவதும் சுலபம். முழு இருட்டுத் தருவது பின்பக்கம் பூச்சுப் பூசிய துணிதான்: இரண்டு வெள்ளைப் படைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் படை. ஃபோன் டோர்ச்சைத் துணிக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பூச்சுத் துணியில் பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது. தைத்த பிறகு ஊசித் துளைகளால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும் என்பதால் நடுவில் மூட்டு விழாத அகலத் துணியாகக் கேளுங்கள்.

கிழக்குப் பார்த்த யன்னலுக்குப் பூச்சுத் துணி, மற்றவற்றுக்கு நெய்த துணி என்பதே எங்கள் தெரிவு. பூச்சுத் துணியை முறுக்கிப் பிழிந்தால், சூடான அயனை அதன் மேல் வைத்தால், பூச்சு வெடித்து உதிரும். குளிர்நீரில் கையால் அலசி நிழலில் விடுங்கள். எழும்பியதும் திரையைத் திறந்துவைப்பதும் அவசியம். எப்போதும் மூடியே கிடந்தால் கொழும்பு ஈரத்தில் யன்னல் பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

நல்ல துணி வாங்கியும் அறை இருட்டவில்லை என்றால் பிழை பெரும்பாலும் மாட்டிய விதத்தில்தான். வெளிச்சம் துணிக்குள்ளால் வருவதில்லை, ஓரத்தால் வருகிறது. யன்னல் 120 சென்ரிமீற்றர் அகலம் என்றால் கம்பி 160 இருக்கட்டும். பக்கத்துக்கு 20 மிஞ்சும். யன்னலுக்கு மேலே 15 சென்ரிமீற்றராவது ஏற்றி மாட்டுங்கள். நேர்க்கம்பியை விட, இரண்டு முனையும் சுவருக்கு வளைந்து திரும்பும் கம்பி மேல். துணி, கம்பி நீளத்தின் ஒன்றரை மடங்கு போதும்.

அடுத்த சிக்கல் புழுக்கம். எல்லாவற்றையும் அடைத்தால் வெளிச்சத்தை விட வியர்வையே முதலில் எழுப்பும். வெயில் பக்கத்துக் காற்றுத் துவாரங்களைக் கறுப்பு அட்டையால் மூடி, எதிர்ப்பக்கத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். ஃபேன் கட்டாயம் ஓடவேண்டும்.

இருண்ட மடிப்புகளில் நுளம்பு ஒதுங்கும். டெங்கு பரப்பும் ஈடிஸ் கடிப்பது பகலில்தானே! படுக்குமுன் திரையை உதறுங்கள், பகலென்று பார்க்காமல் நுளம்புவலையும் போடுங்கள். இரவு நித்திரைக்காரருக்கு அவ்வளவாக இல்லாத இந்த ஆபத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

பாண் முச்சக்கரவண்டியின் இசைக்கும் ஹோர்னுக்கும் திரை உதவாது. காதுக்குப் பஞ்சடைப்பான் வேண்டும். பின்னிரவு 3 மணிக்குப் பிறகு குடிக்கும் தேத்தண்ணியையும் எந்தத் திரையாலும் ஈடுகட்ட முடியாது. கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் ஆகும்.

போர்டிங்கில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்றால், பூச்சுத் துணியை யன்னல் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, நாலு ஓரமும் வெல்க்ரோ நாடா தைத்து, மறுபாதியைச் சட்டத்தில் ஒட்டுங்கள். கம்பித் திரையை விட இது ஓரத்தை இறுக்கமாக மூடும். அறை மாறும்போது கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோகலாம். மடிக்காதீர்கள், மடித்த கோட்டில் பூச்சு வெடிக்கும்.