சவுக்கு நாற்றங்காலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி பொடி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

சவுக்கு விதைத்த பாத்தியில் நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடந்தால், ஒன்றைப் பிடுங்கித் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் நீர் கோத்து, பழுப்பேறி, மெலிந்து போயிருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா, பியூசேரியம் போன்ற மண் பூஞ்சைகளின் வேலை. இதைத் தடுக்க உரக்கடைகளில் விற்கும் டிரைக்கோடெர்மா விரிடி 1% டபிள்யூ.பி. (தண்ணீரில் கலக்கும் வகை) பொடி நல்ல பொருள், விலையும் அதிகமில்லை. ஆனால் அது வருமுன் காக்கும் பொருள். சாய்ந்த நாற்றை நிமிர்த்தாது, தோப்பில் காய்கிற மரத்தையும் மீட்காது.

டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதைத் தின்றுவிடும். ரைசோக்டோனியாவை இது இப்படித் தாக்குவதை வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932-லேயே காட்டிவிட்டார். பாக்கெட்டில் பெரும்பகுதி டால்க் மாவு. அதில் உறங்கும் பூஞ்சை வித்துகளுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதனால் வாங்கும்போது பிராண்டைவிடத் தயாரிப்புத் தேதி முக்கியம். கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. டால்க் பொடியில் மாதம் ஏற ஏற இந்த எண்ணிக்கை இறங்கும். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கெட்டை, காலாவதித் தேதி தள்ளியிருந்தாலும், தவிர்ப்பது நல்லது. தகரக் கூரைக்குக் கீழே வெயில் படும் அலமாரியில் இருந்ததையும் வாங்காதீர்கள். கட்டிபிடித்திருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. அரைவேக்காட்டு அரிசியைச் சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பையில் கட்டி, குக்கரில் அரை மணி நேரம் வைத்து ஆறவிட்டு, ஒரு சிட்டிகை பொடி தூவி மறுபடி கட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து, பிறகு கரும்பச்சையாக மாற வேண்டும். சில ரகங்களில் தேங்காய் வாடை வரும். கறுப்பாகப் பூத்தால் வேறு பூஞ்சை கலந்திருக்கிறது. ஒன்றுமே வளராவிட்டால் வாங்கியது வெறும் டால்க்.

பலரும் பொடியை நேரே பாத்தியில் தூவிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். சாப்பாடு இல்லாத மண்ணில் அது பெருகாது. நன்கு மக்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, பொடி 1 கிலோ கலந்து நிழலில் குவித்து ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் 15 நாளில் குவியலுக்குள் பச்சைப் பூச்சு தெரியும். பச்சைச் சாணம் போட்டால் குவியல் கொதித்துப் பூஞ்சை செத்துப்போகும். இதுதான் அதிகம் நடக்கிற தவறு. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள தாய்ப்பாத்திக்கு இந்த உரம் 25 கிலோ போதும், மேல் மண்ணோடு கொத்திவிட்டு விதைக்கலாம். விதை நேர்த்திக்கு, ஒரு கிலோ விதைக்குப் பொடி 4 கிராம். பை நிரப்பும்போது செம்மண் 2, மணல் 1, தொழு உரம் 1 என்ற கலவையில் தொழு உரத்துக்குப் பதில் இந்தக் கலந்த உரத்தையே சேருங்கள்.

குச்சி நாற்று உற்பத்தி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுனிக்குச்சிகளைக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்குவது வழக்கம். அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், ஆகவே குச்சிகள் வேர் பிடித்து வெளியே எடுத்த பிறகு லிட்டர் தண்ணீருக்குப் பொடி 10 கிராம் கலக்கி ஊற்றுவதே சரி. டால்க் கரையாது, அடியில் தங்கும். கலக்கிக்கொண்டே பூவாளியில் ஊற்றுங்கள். பனிபோல் தெளிக்கும் மிஸ்ட் நாசிலிலோ சொட்டுநீர்க் குழாயிலோ விட்டால் அடைத்துக்கொள்ளும். அங்கெல்லாம் திரவ வடிவம் வாங்குவது மேல். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியோடு சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. பாத்தியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் எந்தப் பொடியும் பித்தியத்தை நிறுத்தாது. மாலையில் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றி, நெருக்கமாக விதைப்பதைக் குறைத்தாலே பாதி நோய் போய்விடும்.

தோப்புச் சவுக்கில் பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளே கரிப்பொடி போல வித்துகள் தெரிந்தால் அது டிரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்ற வேறொரு பூஞ்சை தரும் கொப்புளப் பட்டை நோய். அப்போது இந்தப் பொடியை மூட்டையாகக் கொட்டினாலும் அந்த மரம் பிழைக்காது. 1 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் வேரோடு வேர் ஒட்டி நோய் அடுத்த மரத்துக்குப் போகும். நோய் மரத்தைத் தூரோடு எடுத்து எரித்துவிட்டு, சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குக் காடி வெட்டி வேர்த்தொடர்பை அறுத்துவிடுங்கள். நோய் மரத்தில் பட்ட அரிவாளைத் துடைத்துக் கழுவாமல் நல்ல மரத்தில் கிளை கழிக்காதீர்கள்.