நாலாம் பாகம் முதலில் கையில் கிடைத்தால்

காரைக்குடியில் பழைய புத்தகம் தேடுகிறவருக்கு ஒரு தொடரின் முதல் பாகமே முதலில் அகப்படுவது அதிர்ஷ்டம். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 1982இல் வந்த, 'ஃபவுண்டேஷன்' என்ற அறிவியல் புனைகதை வரிசையில் நாலாவது நாவல். அப்படியே படிக்கத் தொடங்கலாமா, முந்தியவற்றைத் தேடிப் போவதா?

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கதவுமாக நீளும் நம்மூர் வீட்டுக்குள் எந்தப் பக்கமாக வந்தாலும் வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்துவிடலாம். பின்கதவால் வந்தவர் முதலில் பார்ப்பது அடுப்படியை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நாவலும் பாதி அப்படித்தான். முன்கதைச் சுருக்கம் தொடக்கத்திலேயே இருக்கிறது. நாயகன் கோலன் ட்ரவைஸ், கூட வரும் வரலாற்றாசிரியர் பெலோரட் இருவரும் புதியவர்கள். மூன்றாம் பாகத்துக்கும் இதற்கும் நடுவே 29 ஆண்டு இடைவெளி. புது வாசகர் வருவார் என்று தெரிந்தே எழுதப்பட்ட புத்தகம். கதை புரியாமல் போகாது.

கெடுவது வேறு. 1953இல் வந்த 'செகண்ட் ஃபவுண்டேஷன்' முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: இரண்டாம் ஃபவுண்டேஷன் என்ற மறைவான அமைப்பு எங்கே இருக்கிறது? நாலாம் பாகமோ அந்த இடத்திலேயே பாத்திரங்களை உட்காரவைத்துப் பேசவிடுகிறது. நேரே இதில் குதித்தவர், பிறகு மூன்றாம் பாகத்தைப் படித்தால் விடை தெரிந்த விடுகதைதான். இணையத்தில் சுருக்கம் படித்துவிட்டு வருவது இன்னும் மோசம். பெயர்கள் மனதில் நிற்காது, முடிச்சுகள் மட்டும் அவிழ்ந்துவிடும்.

வெளிவந்த வரிசையில் போவதுதான் சரியான வழி. 1951, 1952, 1953 மூன்று நூல்கள், பிறகு 1982. பார்த்தால் பெரிய சுமையாகத் தோன்றும், ஆனால் முதல் மூன்றும் உண்மையில் ஒன்பது நெடுங்கதைகள்: முதல் நூலில் ஐந்து, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு. பெரும்பாலானவை 1940களில் பத்திரிகையில் வந்தவை. அதனால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், நடுவில் ஒரு வாரம் விட்டாலும் இழை அறுந்துபோகாது.

ஒன்பதுக்கும் பொறுமை இல்லாதவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. முதல் நூலின் முதல் கதையில், எதிர்காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கணித மேதை ஹாரி செல்டனின் கணக்கு என்ன என்பது தெரிந்துவிடும். இரண்டாம் நூலின் பின்பாதியான 'த மியூல்' அந்தக் கணக்கு எப்படிப் பிசகுகிறது என்பதைச் சொல்லும். வேகமாகப் படிப்பவர் காலையில் பல்லவன் ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் அதை முடித்துவிடலாம். பிறகு மூன்றாம் நூல் முழுவதும். ஆக நாலு கதை. விட்டுப்போவது பெரும்பாலும் முதல் நூலின் அரசியல், வணிகச் சூழ்ச்சிகள். வணிகர்கள் சரக்கையே ஆயுதமாக வைத்து ஆட்சியைப் பிடிக்கும் அந்தப் பகுதியை, கடல் கடந்து கொண்டுவிற்ற ஊர்க்காரர்கள் தவறவிடுவது என்னவோ நியாயமாகப் படவில்லை.

கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அப்படிப் போனால் ஃபவுண்டேஷன் நாவல்களில் 1988இல் வந்த 'ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்' முதலில் வந்துவிடும். அதில் ஒரு பாத்திரம் உண்மையில் யார் என்று கடைசியில் தெரிகிறது. அந்த அதிர்ச்சி, அசிமோவின் ரோபோ நாவல்களையும் 1986இன் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்'தையும் படித்தவருக்காக வைத்தது. புதியவருக்கு அது வெறும் பெயர். அசிமோவே அந்த நூலின் முன்குறிப்பில் கால வரிசைப் பட்டியல் தந்திருக்கிறார். அந்த ஒரு இடத்தில் ஆசிரியர் பேச்சைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாம் பாகமான 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' மட்டும் கையில் இருந்தால் கணக்கு வேறு. அது நாலாம் பாகம் விட்ட இடத்தில் தொடங்குகிறது, தனியாகப் படிக்கவே கூடாது. அதில் வரும் சொலாரியா கோளின் விசித்திரம் உறைக்க வேண்டுமானால் 1957இன் ரோபோ நாவலான 'த நேக்கட் சன்' படித்திருக்க வேண்டும்.

நடுவில் நுழைந்தாலும் கதை புரியும் என்பது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. சுஜாதாவின் 'மீண்டும் ஜீனோ'வை 'என் இனிய இயந்திரா' இல்லாமல் தொட வேண்டாம். அதே நிலா, அதே ஜீனோ, அதே சதியின் மிச்சம்.

எந்த வழியானாலும் ஒரு துண்டுத்தாளை அட்டைக்குள் செருகி வையுங்கள்: பெயர், கோள், யார் பக்கம், மூன்று கட்டம் போதும். பழைய பிரதி வாங்கும்போது அட்டையை நம்பாமல் உரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், பாகம் எது என்று அதுதான் சொல்லும். 'செகண்ட் ஃபவுண்டேஷன்' என்றால் கடைசித் தாளையும் சரிபாருங்கள், ஆனால் படித்துவிடாமல். இரண்டாம் ஃபவுண்டேஷன் எங்கே என்ற கேள்விக்கு விடை நூலின் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கிறது. பழைய புத்தகத்தில் முதலில் கிழிவதும் கடைசித் தாள்தான்.