கிரேக்கத்தில் பாய்மரப் படகு வாங்க உதவிய ஆய்வாளரின் சேவை

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்டுப் பழகிய நான், கிரேக்கத்தில் பழைய பாய்மரப் படகொன்றுக்கு விலை பேசியபோது, விற்பவரோடு தொடர்பில்லாத படகு ஆய்வாளர் ஒருவரை அமர்த்தியது மிகவும் பயனுள்ள செலவாக அமைந்தது. படகைக் கரையேற்றச் செய்து, கண்ணாடியிழை அடிப்பகுதியில் ஈரமானியை வைத்துப் பார்த்து, நீர் ஊறிக் கொப்புளம் கண்டிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினார். ஏரிப் படகுகளை மட்டுமே அறிந்த எனக்கு அது பெரும் பாடம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் 10 ஆண்டுகளைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனங்கள் பல அவற்றை மாற்றச் சொல்லும் என்றும் எச்சரித்தார். மதிப்புக் கூட்டு வரி செலுத்திய சான்றும், படகின்மேல் கடனில்லை என்பதற்கான சான்றும் கிடைக்கும்வரை முழுத் தொகையை அனுப்ப வேண்டாம் என்பது அவருடைய உறுதியான அறிவுரை. அறிக்கை சில நாள் தாமதமாக வந்தது குறைதான். ஆயினும் ஒப்பந்தத்தில் 'ஆய்வு முடிவுக்கு உட்பட்டது' என்ற வரியைச் சேர்க்க அவர் வற்புறுத்தியிருந்ததால், முன்பணத்தை இழக்காமல் விலையைக் குறைத்துக் கேட்க முடிந்தது.